முறுக்கிக்கொள்ளும் போர்வை: வண்ணாந்துறையிலிருந்து வாஷிங் மெஷின் வரை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஏதாவது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் போனால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். வாளியில் இருந்து ஒருவர் எதையோ இழுத்துக்கொண்டிருப்பார். பார்வைக்கு அது துணி மாதிரியே இருக்காது, தேர் வடம் மாதிரி இருக்கும்! ஒரு முனையைப் பிடித்து உதறினால் நடுவிலிருந்து ஒரு தலையணை உறை விழும், இன்னும் உதறினால் ஒற்றைக் கால் சாக்ஸ் விழும். இரண்டு படுக்கை விரிப்புகளும் ஒரு போர்வையும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு எது எதன் முனை என்று தெரியாமல் கிடக்கும். பிரித்துப் பார்த்தால் உள்மடிப்பில் சோப்புத் தூள் கரையாமல் அப்படியே ஒட்டியிருக்கும். வெளிப்பக்கம் காய்ந்துவிட்டது, உட்பக்கம் சொட்டுகிறது. திரும்பவும் அலச வேண்டியதுதான்.

இது வாஷிங் மெஷின் வந்த பிறகு வந்த தொல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. நீரில் போட்ட துணி முறுக்கிக்கொள்வதைத் தமிழர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். அதற்கு எழுத்துச் சான்றும் உண்டு.

குறுந்தொகையின் 330-ஆம் பாட்டில் பகன்றை என்ற வெள்ளைப் பூ வருகிறது. அதன் அரும்பு விரியும் முன் முறுக்கிக்கொண்டு இருக்கும். அதற்குப் புலவர் சொல்லும் உவமைதான் விசேஷம். துணி வெளுக்கும் பெண் ஒருத்தி துணியைக் கஞ்சிப் பசையில் தோய்த்து, கல்லில் முதல் அடி அடித்து, குளிர்ந்த குளத்தில் போடுகிறாள். நீருக்குள் போன பிறகும் அந்தத் துணி பிரியாமல் பருத்த திரியாகவே கிடக்கிறது. அதைப் போல இருக்கிறதாம் பகன்றையின் முறுக்கு. பிரிவாற்றாமையைச் சொல்லும் அகப்பாட்டு இது. தலைவன் போன ஊரில் இந்த மாலையும் இந்தத் தனிமையும் இல்லையா என்று தோழியிடம் தலைவி கேட்கிறாள். ஆனால் அந்தத் துக்கத்துக்கு நடுவே ஒரு சலவைத் தொழில் நுட்பம் பதிவாகிவிட்டது! கஞ்சி போட்ட துணி ஒன்றோடொன்று ஒட்டும், முறுக்கு எளிதில் அவிழாது என்பதைக் குளக்கரையில் நின்று பார்த்தவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

இந்த இடத்தில் சென்னைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. குறுந்தொகையை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் முதலில் பதிப்பித்தார். 1937-இல் உ.வே.சாமிநாதையர் விரிவான உரையோடு பதிப்பித்தார். அவருடைய சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943-இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய நூலகம் இன்று பெசன்ட் நகரில் உள்ளது. அதே பெசன்ட் நகரில்தான் வண்ணாந்துறை என்ற இடமும் இருக்கிறது. துணி வெளுப்பவர்களின் துறை என்று பொருள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவுதான். "வண்ணாந்துறை ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதில் உள்ள "துறை"யை நினைத்திருப்பார்கள்!

சங்க இலக்கியத்தில் வெளுக்கும் பெண் இன்னும் சில இடங்களில் வருகிறாள். நற்றிணை 90-இல் விழாக் கால ஊரில் ஓய்வில்லாமல் துணி வெளுத்துக் கஞ்சி இடுகிறாள். புறநானூறு 311-இல் களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் வெளுத்த தூய வெள்ளாடை பேசப்படுகிறது. களர் நிலத்தின் உப்பு சோடா போல அழுக்கை எடுக்கும். பின்னாளில் உவர்மண் என்று ஊர் ஊராகத் தேடி எடுத்து வந்தது இதைத்தான். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பாட்டுகளெல்லாம் அவளைப் "புலைத்தி" என்றுதான் அழைக்கின்றன. கை வேலையைப் பாராட்டிய புலவர்களின் காலத்திலேயே ஆளைத் தாழ்த்தும் சொல்லும் இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜ சோழன் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கணக்கிடும்போது "வண்ணாரச்சேரி" தனியாகச் சொல்லப்படுகிறது. வெளுத்த துணி ஊருக்குள் போகும், வெளுத்தவர் சேரிக்குத் திரும்ப வேண்டும்.

சரி, சென்னைக்கு வருவோம்.

சென்னை நகரம் பிறந்ததே துணியால்தான் என்று சொன்னால் மிகையாகாது. 1639-இல் பிரான்சிஸ் டே இந்தக் கடற்கரையைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் இங்கே துணி மலிவாகக் கிடைக்கும் என்பதே. மற்ற இடங்களைவிட ஐந்தில் ஒரு பங்கு விலை குறைவு என்று அவர் கணக்குப் போட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது பெரும்பாலும் "லாங் கிளாத்" எனப்பட்ட நீளத்துணி. ஒரு பீஸ் சுமார் 35 கஜம், அதாவது 30 மீட்டருக்கு மேல்! தறியிலிருந்து இறங்கும்போது அது பழுப்பாக இருக்கும். அதை வெளுத்து, கஞ்சி போட்டு, மடித்துத்தான் கப்பலில் ஏற்ற வேண்டும். இந்த வேலைக்காகக் குடியேறியவர்களின் பெயரால்தான் கோட்டைக்கு வடக்கே வண்ணாரப்பேட்டை உண்டானது. 1734-இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில் கூவம் கரையில் சிந்தாதிரிப்பேட்டை, அதாவது சின்னத் தறிப்பேட்டை, அமைக்கப்பட்டபோதும் நெசவாளர், நூல் நூற்போர் ஆகியோரோடு வெளுப்பவர்களையும் சேர்த்தே குடியேற்றினார்கள்.

இன்று ஆறு அடிப் போர்வை முறுக்கிக்கொண்டால் எரிச்சல் வருகிறது. 30 மீட்டர் துணியை ஆற்றிலோ குளத்திலோ போட்டு, சிக்கலில்லாமல், கிழிசலில்லாமல், மண் ஒட்டாமல் எடுத்து வெயிலில் விரித்த கைகளை நினைத்துப் பாருங்கள். அப்போது ரசாயன வெளுப்பு கிடையாது. குளோரினால் துணி வெளுக்கலாம் என்று பிரான்ஸில் பெர்த்தொலே கண்டுபிடித்தது 1785-இல்தான். பிளீச்சிங் பவுடருக்கு ஸ்காட்லாந்தின் சார்லஸ் டெனன்ட் காப்புரிமை வாங்கியது 1799-இல். அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டு காலம் சென்னையிலிருந்து கப்பலேறிய வெள்ளைத் துணியின் வெள்ளை முழுவதும் உவர்மண்ணும் வெயிலும் மனிதக் கையும் தந்தது.

அந்தக் கைகள் என்ன செய்தன? துறையில் வேலை பார்ப்பதை நிதானமாகக் கவனித்தால் புரிந்துவிடும். முதல் விஷயம், பெரிய துணி என்றால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். போர்வையோடு ஜாக்கெட்டும் கைக்குட்டையும் சேர்ந்து கல்லுக்குப் போகாது. இரண்டாவது, நீளவாக்கில் மடிப்பு மடிப்பாகக் கொசுவி ஒரு முனையை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். மறுமுனைதான் கல்லில் விழும். அடித்து முடித்ததும் முனையை மாற்றிப் பிடிப்பார்கள். ஆக, துணியின் ஒரு முனை எப்போதும் ஆளின் கையில் இருக்கிறது. பிழியும்போது இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒருவர் வலமாகவும் மற்றவர் இடமாகவும் முறுக்குவார்கள். அது வேண்டுமென்றே போடும் முறுக்கு. நீர் வடிந்ததும் அதே இரண்டு பேர் எதிர்த்திசையில் திருப்பினால் போர்வை ஒரு நொடியில் விரிந்துவிடும். பிறகு ஒரு உதறல். அந்த உதறலின் "பட்" என்ற சத்தம் துறைக்கு வெளியே ரோட்டில் போகிறவருக்கும் கேட்கும்.

முறுக்கைச் சலவைக்காரர்கள் வெறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. காய வைக்கும் கயிறுகூட முறுக்குதான். இரண்டு புரிகளை ஒன்றாக முறுக்கிக் கட்டிவிட்டு, அந்தப் புரிகளின் இடுக்கில் துணியின் ஓரத்தைச் செருகிவிடுவார்கள். கிளிப் தேவையில்லை. கடற்காற்று அடித்தாலும் போர்வை பறக்காது. துரு பிடித்த கிளிப்பின் கறையும் படியாது. துணியைத் தொல்லை செய்யும் அதே முறுக்கு இங்கே துணியைக் காவல் காக்கிறது.

வெள்ளாவி இன்னொரு அருமையான ஏற்பாடு. உவர்மண் நீரில் நனைத்த துணிகளை, நீர் கொதிக்கும் பானையின் வாயைச் சுற்றி அடுக்கி, மூடி, இரவெல்லாம் ஆவியில் வேக வைப்பார்கள். இப்போதைய இயந்திரங்கள் அழுக்கெடுக்கத் துணியைச் சுழற்றுகின்றன. வெள்ளாவியில் துணி அசைவதே இல்லை. வெப்பமும் உப்பும்தான் வேலை செய்கின்றன. அசையாத துணிக்குச் சிக்கல் ஏது?

அழுக்கு ஒரு பக்கம் இருக்க, ஊர்ப் போர்வையெல்லாம் ஒன்றாகக் கலந்தால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் சலவைக்குறி. சேராங்கொட்டையின் சாற்றைக் குச்சியால் தொட்டுத் துணியின் ஓரத்தில் புள்ளியும் கோடுமாக ஒரு அடையாளம் வைப்பார்கள். எத்தனை வெள்ளாவி கண்டாலும் அது அழியாது. வீட்டுக்கு ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று ஊர் சொல்லும் ஒருவர் நூறு வீட்டுக் குறிகளை மனதில் வைத்திருந்தார் என்றால் அது சாதாரண விஷயமா? வீட்டுக்காரர்கள் தங்கள் பக்கத்துக்கு ஒரு நோட்டில் "பெட்ஷீட் 2, தலையணை உறை 4, வேட்டி 3" என்று எழுதி வைத்துக்கொண்டார்கள். மயிலாப்பூர் வீடுகளில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் பெரும்பாலும் ஒரே ஆணியில் தொங்கின. சேராங்கொட்டைச் சாறு சிலருக்குத் தோலில் பட்டால் கடுமையாகப் புண்ணாகும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சட்டையில் குறி இருந்த இடத்திலெல்லாம் தோல் வெந்துபோய், 1943-இல் அவர்களுடைய மருத்துவ இதழில் அது ஒரு கட்டுரையாகவே வந்தது. குறியைத் தினமும் கையால் போட்டவர்களின் விரல்களைப் பற்றி அப்படிக் கட்டுரை எழுத ஆள் இல்லை.

மயிலாப்பூர் அக்ரகார வீடுகளில் வேறொரு சிக்கலும் இருந்தது. துறையிலிருந்து வெளுத்து வந்த துணி பளபளவென்று இருந்தாலும் "மடி" ஆகாது! அதை மறுபடி வீட்டுக் கிணற்று நீரில் நனைத்து, கூரையோடு உயரமாகக் கட்டிய மூங்கிலில் நீண்ட கோலால் தூக்கிப் போட்டு, யார் கையும் படாமல் உலர்த்த வேண்டும். படுக்கை விரிப்புக்கு அந்த மரியாதை கிடையாது. படுத்தெழுந்த துணி எப்போதுமே விழுப்பு. ஆகவே புடவையையும் வேட்டியையும் வீட்டிலேயே நனைத்துக்கொண்ட குடும்பங்களும் போர்வையையும் ஜமக்காளத்தையும் துறைக்குத்தான் அனுப்பின. கனமான துணி, வீட்டுத் தொட்டியில் அடங்காது, பிழிய இரண்டு ஆள் வேண்டும் என்ற நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஆக, அழுக்கிலும் எடையிலும் மிகக் கடினமான வேலைதான் எப்போதும் துறைக்குப் போனது. சேத்துப்பட்டின் சலவைத்துறையும் சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரைச் சலவைத்துறையும் மத்திய, தென் சென்னை வீடுகளின் இந்தக் கனத்தைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தன.

இந்த உழைப்புக்கு நகரத்தில் துணிக் கணக்கில் கூலி கிடைத்தது. கிராமங்களில் அதுவும் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை களத்தில் அளக்கும் தானியமும் தினப்படி வாங்கும் சோறும்தான். அதிலும் கடைசிப் படியில் தலித் மக்களுக்குத் துணி வெளுத்த புதிரை வண்ணார்கள். அவர்களுடைய வாழ்க்கையைச் சொல்லும் இமையத்தின் "கோவேறு கழுதைகள்" 1994-இல் வெளிவந்தது. தமிழக அரசு அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது 2009-இல்தான். பழைய துறையின் திறமையைப் பேசும்போது இதை மறந்துவிட்டு "அந்தக் காலம் போல வருமா" என்று பெருமூச்சு விடுவது நியாயமாகாது. அந்த வேலையை விட்டு வெளியேறிய பிள்ளைகளுக்கு அது ஒரு விடுதலை.

துறையிலிருந்து போர்வை வீட்டுக்குத் திரும்பி வந்தது மெல்ல மெல்லத்தான். 1959-இல் சர்ஃப் தூள் இந்தியாவில் அறிமுகமானது. 1969-இல் நிர்மா வந்தது. தூளில் ஊறப்போட்டால் அழுக்கு தானாகவே வரும் என்று ஆனதும் "போர்வையையும் வீட்டிலேயே போட்டுவிடலாமே" என்ற எண்ணம் வந்தது. யார் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில்தான்! துறையில் ஆணும் பெண்ணுமாக இருவர் செய்த வேலை, வீட்டில் தனியாக ஒரு பெண்ணின் தோளில் ஏறியது. சென்னிமலைக் கைத்தறிப் போர்வை காய்ந்திருக்கும்போதே கனம். பருத்தி தன் எடையைவிட அதிகமாக நீரைக் குடிக்கும். நனைந்த போர்வையை ஒற்றை ஆளாகப் பிழிய முடியாமல், ஒரு முனையைக் குழாயில் மாட்டிக்கொண்டு மறுமுனையை முறுக்கிய பெண்கள் எத்தனையோ பேர். குழாய்தான் அவர்களுக்கு இரண்டாவது ஆள்.

இந்த நிலையில்தான் வாஷிங் மெஷின் வந்தது. 1980-களின் பிற்பகுதியில் வீடியோகான் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்து குழந்தைகள் வாயில் எல்லாம் புகுந்தது. அதே சமயத்தில் சென்னையின் டி.வி.எஸ். குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து அமெரிக்காவின் வேர்ல்பூல் நிறுவனம் புதுச்சேரியில் தொழிற்சாலை அமைத்தது. 1965-இல் மயிலாப்பூரில் சின்னக் கடையாகத் தொடங்கிய விவேக்ஸும், 1978-இல் தி.நகரில் தொடங்கிய வசந்த் அண்ட் கோவும் தவணை முறையில் நடுத்தர வீடுகளுக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஜனவரி 1-ஆம் தேதி விடியற்காலையில் விவேக்ஸ் வாசலில் வரிசையில் நிற்பது ஒரு காலத்தில் சென்னையின் புத்தாண்டுச் சடங்காகவே இருந்தது.

முதலில் பரவலானது இரட்டைத் தொட்டி கொண்ட செமி ஆட்டோமேட்டிக். ஒரு தொட்டியில் துவைக்கும், கையால் எடுத்து மறு தொட்டியில் போட்டால் பிழியும். அடியில் இருக்கும் தட்டு சுழன்று நீரைச் சுழல வைக்கும். இங்கேதான் போர்வைக்கு வினை! சுழலும் நீரில் நீளமான துணியின் ஒரு பகுதி வேகமாகவும் மறு பகுதி மெதுவாகவும் இழுபடுகிறது. புரி ஏறுகிறது. புரி ஏறிய போர்வை பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் தன்னோடு சேர்த்துச் சுற்றிக்கொள்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவில் "தோர்" என்ற மின்சாரச் சலவை இயந்திரத்துக்காக ஆல்வா ஃபிஷர் 1910-இல் பெற்ற காப்புரிமையிலேயே இதற்கு வழி இருக்கிறது. உருளை ஒரு திசையில் சில சுற்று சுற்றும், பிறகு எதிர்த்திசையில் சுற்றும். அப்போதுதான் துணி ஒரே மூட்டையாகத் திரண்டுவிடாது. சலவைத்துறையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று முறுக்கை ஏற்றி இறக்கியதைப் பல்சக்கரங்களால் செய்ய முயன்றதுதான் இது.

எதிர்த்திசைச் சுழற்சி உதவும். ஆனால் முழுத் தீர்வு ஆகாது. ஏன்? 2007-இல் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு வேடிக்கையான ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் கயிற்றைப் போட்டுச் சுழற்றினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முறை! சில விநாடிகளிலேயே கயிற்றில் தானாக முடிச்சு விழுந்தது. கயிறு ஒன்றரை அடிக்கும் குறைவாக இருந்தால் மட்டும் முடிச்சு விழவில்லை. அடுத்த ஆண்டு அவர்களுக்கு நகைச்சுவையான இக் நோபல் பரிசும் கிடைத்தது. போர்வை கயிறு அல்லதான். ஆனால் ஒரு முறை முறுக்கேறிவிட்டால் அது கயிறு மாதிரியேதான் நடந்துகொள்கிறது. நீளமும் வேண்டும், புரண்டுகொள்ளக் கொஞ்சம் இடமும் வேண்டும், குலுக்கலும் வேண்டும். மூன்றும் வாஷிங் மெஷினில் தாராளமாகக் கிடைக்கின்றன. கைக்குட்டை ஏன் சிக்குவதில்லை, போர்வை ஏன் சிக்குகிறது என்பதற்கு இதுவே விடை.

இதில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு இன்னும் மோசம். 1959-இல் அமெரிக்காவில் பெர்த்தா பெர்மன் என்ற பெண்மணி மெத்தை மூலைகளைக் கவ்விக்கொள்ளும் விரிப்புக்குக் காப்புரிமை பெற்றார். படுக்கையில் விரிப்பு நழுவாது, உண்மைதான். ஆனால் தண்ணீரில் அதன் நான்கு மூலைகளும் நான்கு பைகளாக மாறிவிடும். உள்ளே புகுந்த சாக்ஸுக்கு வெளியே வர வழியில்லை! பாயும் ஜமக்காளமும் விரித்த வீடுகளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. நான்கு பக்கமும் தட்டையான நம்மூர்க் கைத்தறி விரிப்பு இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலாம்.

சென்னையில் இந்தச் சிக்கலைக் கூட்டிய இன்னொரு காரணம் தண்ணீர். நீர் அதிகமாக இருந்தால் துணி மிதந்து விரியும். நீர் குறைந்தால் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி முறுக்கிக்கொள்ளும். 2003, 2004 வறட்சியில் மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தோடு காத்திருந்த நகரத்தில் யார் தொட்டியை நிரப்பிப் போர்வை துவைப்பார்கள்? ஒரே நீரில் எல்லாவற்றையும் திணித்து ஒரே தடவையில் முடிக்கத்தான் தோன்றும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோதும் இதே கதை. செமி ஆட்டோமேட்டிக் இயந்திரம் இந்த ஊரில் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். அதற்குக் குழாயில் நீர் வர வேண்டியதில்லை, வாளியில் மொண்டு ஊற்றலாம். முதலில் வெள்ளைத் துணி, அதே நீரில் கலர் துணி, கடைசியில் மிதியடி என்று ஒரு தொட்டி நீரை மூன்று முறை பயன்படுத்தலாம். இன்னொரு லாபமும் உண்டு. ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குக் கையால் மாற்றும்போது போர்வையை ஒரு முறை பிரித்துவிட வாய்ப்புக் கிடைக்கிறது. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வந்ததும் அந்த வாய்ப்பும் போயிற்று. மூடியைத் திறக்காமலே துவைத்து, முறுக்கியதை முறுக்கியபடியே வேகமாகச் சுழற்றிப் பிழிந்துவிடும். ஒரு பக்கமாகத் திரண்ட ஈரப் போர்வையோடு சுழலும்போது இயந்திரம் "தடதட" என்று குதிக்கும். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து விசாரிப்பார்.

ஐ.எஃப்.பி. போன்ற நிறுவனங்கள் 1990-களில் பரவலாக்கிய முன்பக்கக் கதவு இயந்திரத்தில் துணி சுழலில் மாட்டுவதில்லை. உருளையின் மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுகிறது. தூக்கி அடிப்பது என்ற வகையில் அது துறையின் கல்லுக்குக் கொஞ்சம் நெருக்கம். நீரும் கணிசமாகக் குறைவு. ஆனாலும் திணித்து நிரப்பினால் அங்கேயும் போர்வை பந்தாகிவிடும்.

ரயில்களுக்கும் பெரிய மருத்துவமனைகளுக்கும் ஆயிரக்கணக்கில் விரிப்பு துவைக்கும் இயந்திரச் சலவையகங்களில்கூட இந்த வேலை முழுதாக இயந்திரத்திடம் போய்விடவில்லை. உருளையிலிருந்து வெளியே வரும் விரிப்புக் குவியலை இஸ்திரி உருளைக்குள் அனுப்பும் முன் ஆட்கள் நின்று ஒவ்வொன்றாக உருவி, முனை கண்டுபிடித்து, உதறித்தான் கொடுக்கிறார்கள்.

வீட்டு இயந்திரத்தில் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்வதெல்லாம் துறையில் இருந்தவைதான். போர்வையையும் சின்னத் துணியையும் கலக்காமல் தனித்தனியாகப் போடுவது. ஒரே ஒரு போர்வை என்றால் எடை ஒரு பக்கம் சாயும், ஆகவே ஒரே அளவில் இரண்டு போடுவது. நடுத் தண்டைச் சுற்றி வளைத்துப் போடாமல், ஓரத்திலிருந்து தளர்வாக மடிப்பு மடிப்பாக எதிரெதிர்ப் பக்கத்தில் இறக்குவது. தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் இருப்பது. அலசலுக்கு முன் ஒரு தடவை நிறுத்தி, மூடியைத் திறந்து, கையை விட்டு முனையைத் தேடி ஒரு உதறு உதறிவிடுவது. இந்தக் கடைசி வேலைக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பித்தான் அமுக்கிவிட்டுப் போனவர்கள் திரும்பி வர மறந்துவிடுகிறார்கள்!

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரை புரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை எல்லாம் மூழ்கின. வெள்ளம் வடிந்த பிறகு வீடு வீடாகச் சேறு படிந்த மெத்தைகளும் போர்வைகளும் தெருவுக்கு வந்தன. தரைத்தள வீடுகளில் வாஷிங் மெஷின்களே நீரில் நின்றுவிட்டன. மோட்டார் போனது, மின்சாரமும் நாள் கணக்கில் இல்லை. சேறு ஏறிய கனத்த போர்வையை என்ன செய்வதென்று தெரியாமல் பலர் குப்பையோடு சேர்த்தார்கள். தூக்கி எறிய மனமில்லாதவர்கள் மாடிக்குப் போய், வாளியில் முக்கி, ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை மற்றவரும் பிடித்துக்கொண்டு முறுக்கினார்கள். எந்தப் பக்கம் திருப்புவது என்று முதலில் குழப்பம் வந்தது, இருவரும் ஒரே பக்கம் திருப்பினார்கள். பிறகு வயதான ஒருவர் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்றபடியே "நீ அந்தப் பக்கம், அவ இந்தப் பக்கம்" என்று சொல்லிக் கொடுத்தார். பழுப்பு நீர் வடிந்தது.